பச்சையை அமுக்கு! வகுப்பில் ஆன்லைன் கேம் வைத்துப் பாடம் நடத்துவது பற்றி

கேள்வி: மும்பை செம்பூர் அப்பா, 5 ஜூலை 2025

மகள் ஏழாவது படிக்கிறாள். பள்ளி திறந்து மூன்று வாரம்கூட ஆகவில்லை, அதற்குள் கணக்குப் பீரியடில் "கேம் டைம்" என்கிறாள். மொபைலில் நாலு கலர் வருமாம், யார் முதலில் சரியாக அமுக்குகிறார்களோ அவர்கள் பெயர் திரையில் மேலே போகுமாம். வீட்டில் மொபைலைப் பிடுங்கி வைக்க நான் படாத பாடு படுகிறேன், அங்கே பள்ளியே கையில் கொடுக்கிறது. என்னைக் கேட்டால் பாடம் நடத்தச் சோம்பல்படுகிற டீச்சர்கள் கண்டுபிடித்த வழி இது. டீச்சர்கள் யாராவது இருந்தால் பதில் சொல்லுங்கள்.

5 ஜூலை, இரவு 10.50

நான் அந்த மாதிரி டீச்சர்தான் சார். சயான் பக்கம் ஒரு பள்ளியில் கணக்கு, சாயங்காலம் தாராவியில் நைன்டி ஃபீட் ரோட்டை ஒட்டி டியூஷன். இரண்டு இடத்திலும் கேம் வைக்கிறேன். சோம்பல் என்று மட்டும் சொல்லாதீர்கள். ஒரு கேள்விக்குச் சரியான விடை எழுத அரை நிமிஷம் போதும். பிள்ளைகள் உண்மையிலேயே போய் விழக்கூடிய மூன்று தப்பு விடைகளை யோசித்து எழுதத்தான் நேரம் பிடிக்கும். பத்துக் கேள்வி தயார் பண்ணுவதற்குள் சாதத்துக்கு வைத்த குக்கர் ஆறிவிடும்.

ஆனால் உங்கள் சந்தேகத்தில் பாதி நியாயம். மீதியை நாளை எழுதுகிறேன், தூக்கம் வருகிறது.

6 ஜூலை, காலை

எந்தப் பாதி நியாயம் என்று சொல்கிறேன்.

நீங்கள் சொல்லும் நாலு கலர் கேமுக்குக் கஹூட் என்று பெயர். அதில் கேள்வி பெரிய திரையில் இருக்கும். பிள்ளைகளின் கையில் இருக்கும் மொபைலில் சிவப்பு முக்கோணம், நீல டைமண்ட், மஞ்சள் வட்டம், பச்சைச் சதுரம், அவ்வளவுதான். எங்கள் டியூஷனில் நாலைந்து பிள்ளைகளுக்கு ஒரு மொபைல். அதுவும் அப்பாவுடையதாக இருக்கும், இல்லை அண்ணனுடையதாக இருக்கும். கேள்வி திரையில் வந்ததும் ஒரு பையன் "பச்சை! பச்சை!" என்று கத்துவான். விடை தெரிந்து கத்துகிறான் என்று நினைக்காதீர்கள். போன கேள்விக்குப் பச்சை சரியாக இருந்தது, அதுதான் காரணம். ஆனால் அந்தக் குரலில் அப்படி ஒரு நம்பிக்கை! எல்லா மொபைலிலும் கட்டைவிரல் பச்சை மேல். கேள்வியைக் கடைசி வார்த்தை வரை வாசித்தவர் யாருமில்லை. சரியான விடை சிவப்பு என்று வரும். "ச்சே!" என்று ஒரு சத்தம். மூச்சு விடுவதற்குள் "டீச்சர், நெக்ஸ்ட்! நெக்ஸ்ட்!"

அந்த "ச்சே"வுக்கும் "நெக்ஸ்ட்"டுக்கும் நடுவில்தான் பாடம் இருக்கிறது. ஏன் சிவப்பு, ஏன் பச்சை இல்லை என்று கேட்க வேண்டிய இடம் அது. கேமை அப்படியே ஓடவிட்டால் அந்த இடம் வந்த சுவடே இல்லாமல் போய்விடும். உங்கள் மகளின் டீச்சர் அங்கே நிறுத்துகிறாரா, இல்லையா என்பதுதான் எனக்குக் கேள்வி. மொபைல் கையில் இருக்கிறதா என்பது அல்ல.

6 ஜூலை, மதியம்

பெயர்த் தொல்லையைச் சொல்ல மறந்துவிட்டேன். கேமுக்குள் நுழையும்போது பிள்ளைகளே ஒரு பெயர் அடிக்கலாம். கெட்ட வார்த்தையைப் பிடிக்கிற வடிகட்டி ஆங்கிலத்தில் கெட்டிக்காரத்தனமாக வேலை செய்யும். தமிழ், மராத்தி, தாராவி ஹிந்தி மூன்றையும் கலந்து அடித்தால் பாவம், அதற்கு ஒன்றும் புரியாது. ஒரு தடவை கடைசியில் பரிசு மேடை வந்தபோது மூன்றாவது இடத்தில் "பிரின்சிபல்" நின்றார். நிஜப் பிரின்சிபல் வகுப்பு வாசலில் நின்றார். "நான் ஏன் ஃபர்ஸ்ட் வரலை?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனார். நல்ல மனுஷன்.

8 ஜூலை

மாதுங்கா அக்கா எழுதியதற்குப் பதில்: "வேகத்துக்குத்தான் மார்க், அதனால்தான் பிள்ளைகள் யோசிப்பதில்லை" என்கிறீர்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். கணக்குப் போட்டுப் பார்த்தால் அப்படி இல்லை.

கஹூட்டில் மார்க் போடுகிற முறை வெளிப்படையானது. எடுத்துக்கொண்ட நேரத்தைக் கேள்விக்குக் கொடுத்த நேரத்தால் வகுக்க வேண்டும். அதில் பாதியை ஒன்றிலிருந்து கழித்து 1000ஆல் பெருக்க வேண்டும். 20 செகண்ட் கேள்விக்கு 2 செகண்டில் சரியாகச் சொன்னால் 950. 10 செகண்ட் யோசித்துச் சரியாகச் சொன்னால் 750. கடைசி செகண்டில் சொன்னாலும் சரியாக இருந்தால் 500க்குக் குறையாது. இப்போது கண்ணை மூடிக்கொண்டு பச்சையை அமுக்குகிறவனைப் பாருங்கள். நாலில் ஒரு தடவை சரியாக விழும். ஒவ்வொரு தடவையும் முழு 1000 கிடைத்தாலும் அவனுக்குச் சராசரி 250தான். கடைசி ஆளாக யோசித்துச் சொல்கிற பெண்ணுக்கு அதில் இரண்டு மடங்கு.

இதை எட்டாவது பிள்ளைகளிடம் கரும்பலகையில் எழுதிக் காட்டினேன். முதலில் யாரும் நம்பவில்லை. அப்புறம் அவரவர் நோட்டில் 4 செகண்டுக்கு எவ்வளவு, 15 செகண்டுக்கு எவ்வளவு என்று போட ஆரம்பித்தார்கள். 4க்கு 900, 15க்கு 625. "அப்போ யோசிச்சாதான் லாபமா டீச்சர்?" என்று கேட்டவன் சாட்சாத் நம்ம பச்சைப் பையனேதான். அன்றைக்குக் கேமே ஆடவில்லை. பீரியட் முழுக்கப் பின்னம், சராசரி, ஒருபடிச் சமன்பாடு. பாடப்புத்தகத்தில் எந்தப் பயிற்சிக்கும் இவ்வளவு சண்டை போட்டு நான் பார்த்ததில்லை.

அப்படியென்றால் அவசரம் எங்கிருந்து வருகிறது? அந்த டிக் டிக் சங்கீதமும், மேலே ஏறுகிற பக்கத்து வீட்டுப் பிள்ளையின் பெயரும்தான். சத்தத்தை மியூட் பண்ணிப் பாருங்கள், வகுப்பே வேறு மாதிரி இருக்கும். வேண்டுமானால் ஒரு கேள்விக்கு மார்க்கே இல்லை என்றும் வைக்கலாம், அதற்கும் வழி இருக்கிறது.

12 ஜூலை

ஆன்டாப் ஹில் தம்பி கேட்டது: மெதுவாகப் போகிற பிள்ளைகளுக்கு வேறு கேம் இல்லையா?

இருக்கிறது. குவிஸிஸ். பெங்களூரில் 2015இல் ஆரம்பித்தது, 2025இல் பெயரை வேகிரவுண்ட் என்று மாற்றிவிட்டார்கள். (பழைய பெயரைத் தேடிப் போய் எங்கேயோ நின்று முழிக்காதீர்கள்.) இதில் கேள்வி அவரவர் மொபைலிலேயே வரும், அவரவர் வேகத்தில் போகலாம், டைமரை அணைத்தும் வைக்கலாம். வகுப்பில் வாயே திறக்காத ஒரு பெண் இருக்கிறாள். கையை உயர்த்தச் சொன்னால் நகத்தைப் பார்ப்பாள். டைமர் இல்லாத நாளில் அவள் விடைகளைப் பார்த்தபிறகுதான் அவளுக்கு இவ்வளவு தெரியும் என்று எனக்கே தெரிந்தது.

13 ஜூலை, இரவு

நேற்று எழுதியதை வாசித்தால் ஏதோ விளம்பரம் மாதிரி இருக்கிறது. இன்னொரு பக்கமும் உண்டு. அவரவர் வேகத்தில் போகும்போது வகுப்பு அமைதியாக இருக்கும். எல்லார் தலையும் குனிந்திருக்கும். பள்ளிக்கூடத்துக்கு வெளியே அதற்கு நல்ல பெயர். உள்ளே இருக்கிற எனக்கு அது பிடிக்காது. யாரும் யாரோடும் வாதாடுவதில்லை. வாதாடாத இடத்தில் கணக்கு நகராது.

அதனால் இப்போது இரண்டையும் கலந்து செய்கிறேன். முதலில் எல்லாரும் தனியாக. முடிந்ததும் எந்தக் கேள்வியில் அதிகம் பேர் தப்புப் பண்ணினார்கள் என்று ரிப்போர்ட்டில் பார்த்து, அந்த ஒரே ஒரு கேள்வியைத் திரையில் போடுவேன்.

போன வாரம் அது −3 − 5. கொடுத்த விடைகள் −8, 8, 2, −2. பாதிக்கு மேல் 8. கேட்டால் கோரஸாக "மைனஸும் மைனஸும் ப்ளஸ்!" பெருக்கலுக்குச் சொன்ன மந்திரத்தைக் கூட்டலுக்கும் ஓதுகிறார்கள். நான் ஒன்றும் சொல்லவில்லை. −8 போட்ட ஒரு பையனை எழுப்பி, ஏன் என்று கேட்டேன். "அண்ணாச்சி கடையில மூணு ரூபா கடன். இன்னும் அஞ்சு ரூபாய்க்குக் கடன் வாங்குறேன். அண்ணாச்சி எனக்கு எட்டு ரூபா குடுப்பாரா?" என்றான். வகுப்பே சிரித்தது. 8 போட்டவர்களும் சிரித்தார்கள், அதுதான் முக்கியம். நான் நாலு நாள் எண்கோடு வரைந்து சொல்லியும் ஏறாதது அந்தக் கடன் கணக்கில் ஏறியது.

இதைக் கரும்பலகையிலும் செய்யலாமே என்பீர்கள். செய்யலாம். ஆனால் கரும்பலகையில் கை தூக்குகிற நாலு பேரின் விடைதான் எனக்குத் தெரியும். எத்தனை பேர் 8இல் விழுந்தார்கள் என்று கேம் ரிப்போர்ட்டில் இருந்த பட்டைப் படம்தான் காட்டியது.

19 ஜூலை

"ஐந்து பேருக்கு ஒரு மொபைல் என்றால் நாலு பேர் வேடிக்கைதானே பார்ப்பார்கள்?" நல்ல கேள்வி. இதற்கு ஒரு பழைய கதை.

1971 டிசம்பரில், அமெரிக்காவின் மினியாபோலிஸில், ஆசிரியர் பயிற்சியில் இருந்த டான் ராவிட்ச் என்பவர் எட்டாவது பிள்ளைகளுக்கு வரலாறு நடத்த வேண்டியிருந்தது. 19ஆம் நூற்றாண்டில் மாட்டு வண்டி கட்டி மேற்கே ஆரிகனுக்குக் குடிபோனவர்கள் பற்றிய பாடம். கூடத் தங்கியிருந்த பில் ஹைன்மன், பால் டில்லென்பெர்கர் இரண்டு பேரும் கணக்கு வாத்தியார் பயிற்சியில் இருந்தவர்கள். மூவரும் சேர்ந்து ஒரு கேம் எழுதினார்கள். அதுதான் ஆரிகன் டிரெயில். திரையே கிடையாது. டெலிடைப் மிஷினில் கேள்வி பேப்பரில் அச்சாகும், பதிலை டைப் பண்ண வேண்டும். வேட்டையாட "பேங்" என்று பிழையில்லாமல் வேகமாக அடிக்க வேண்டும். மொத்த வகுப்புக்கும் ஒரே மிஷின்.

பிள்ளைகள் என்ன செய்தார்கள் என்றால், தாங்களாகவே வேலையைப் பிரித்துக்கொண்டார்கள். வேகமாக டைப் அடிக்கத் தெரிந்தவர் வேட்டைக்கு. ஒருவர் வரைபடம் பார்க்க. ஒருவர் காசுக்குக் கணக்கு வைக்க. பணத்தை மாட்டுக்குச் செலவழிப்பதா, துணிக்கா, சாப்பாட்டுக்கா என்று எல்லாருமாகக் கூடிச் சண்டை. ஆளுக்கொரு மிஷின் இருந்திருந்தால் அந்தச் சண்டை நடந்திருக்காது.

டியூஷனில் இதைக் காப்பியடித்துவிட்டேன். மொபைல் வைத்திருப்பவர் தானாக எதையும் அமுக்கக் கூடாது. மற்றவர்களில் ஒருவர் விடை சொல்ல வேண்டும், இன்னொருவர் காரணம் சொல்ல வேண்டும், அப்புறம்தான் விரல் அசையலாம். ஒவ்வொரு கேள்விக்கும் ஆள் மாறும். "பச்சை"க்குச் செல்வாக்கு குறைந்தது.

2 ஆகஸ்ட்

ஜெயித்தவர்களுக்குச் சாக்லேட் கொடுக்கலாமா என்று கேட்டிருக்கிறார்கள். வேண்டாம். 1973இல் லெப்பர், கிரீன், நிஸ்பெட் மூவரும் செய்த ஆய்வு இந்த விஷயத்தில் பிரபலம். படம் வரைவதில் ஆசை உள்ள நர்சரிப் பிள்ளைகளில் சிலரிடம் "வரைந்தால் தங்க நட்சத்திரம் ஒட்டிய சான்றிதழ் தருவோம்" என்று முன்கூட்டியே சொல்லி வரையச் சொன்னார்கள். ஓரிரு வாரம் கழித்துப் பார்த்தால், அந்தப் பிள்ளைகள் தாங்களாக வரைவதில் செலவழித்த நேரம் மற்றவர்களில் பாதிதான். சொல்லாமல் திடீரென்று பரிசு வாங்கியவர்களுக்கு அப்படி ஆகவில்லை.

சாக்லேட் கொடுப்பதானால் சொல்லாமல் கொடுங்கள். நான் கணபதி மோதகம் கொடுத்திருக்கிறேன், அது எல்லாருக்கும்.

19 ஆகஸ்ட், மாலை

இன்றைக்கு மும்பை முழுக்கப் பள்ளி லீவு, தெரியும். சயானில் முழங்கால் தண்ணீர். ஆன்லைன் வகுப்பு வைத்தால் பாதிப் பேருக்கு டேட்டா இல்லை, மீதிப் பேருக்கு மொபைல் இல்லை. அதனால் ஒரு ஃபைலை வாட்ஸ்அப்பில் அனுப்பினேன்.

ஃபெட் என்ற பெயரில் கொலராடோ பல்கலைக்கழகம் செய்கிற செயல்விளக்கங்கள். இயற்பியலில் நோபல் பரிசு வாங்கிய கார்ல் வீமன் 2002இல் ஆரம்பித்து வைத்தது. இலவசம், பலவற்றுக்குத் தமிழும் உண்டு. ஒரு தடவை இறக்கிக்கொண்டால் நெட் இல்லாமலே பிரவுசரில் ஓடும். நான் அனுப்பியது மின்சுற்று. பேட்டரி, வயர், பல்பு, சுவிட்ச் எல்லாம் ஓரத்தில் கிடக்கும். இழுத்து ஒட்ட வேண்டியதுதான். மார்க் இல்லை, டைமர் இல்லை, ஜெயிப்பு தோற்பு ஒன்றுமில்லை. கேம் என்று இதைச் சொல்லலாமா என்று மாதுங்கா அக்கா வருவார். பிள்ளைகள் அப்படித்தான் சொல்கிறார்கள், எனக்கு அது போதும்.

பல்பை எரியவிட்டுப் படம் எடுத்து அனுப்புங்கள் என்றேன். காலையிலிருந்து எனக்கு வந்திருப்பதெல்லாம் தீப்பிடித்து எரியும் பேட்டரி. பேட்டரியின் இரண்டு முனையையும் வெறும் வயரால் இணைத்தால் அதில் தீ வரும். ஒருவன் கண்டுபிடித்திருக்கிறான், குரூப் முழுக்கப் பரவிவிட்டது.

21 ஆகஸ்ட்

இன்று டியூஷனில் அதைப் பேசினோம். ஒரு பெண் பேட்டரியிலிருந்து பல்புக்கு ஒரே ஒரு வயர் இழுத்துவிட்டு எரியும் என்று காத்திருந்திருக்கிறாள். எரியவில்லை. இன்னொரு வயரையும் அதே முனையில் சொருகியிருக்கிறாள். அப்போதும் எரியவில்லை. மின்சாரம் பைப்பில் வருகிற தண்ணீர் மாதிரி ஒரு வழியாக வந்து பல்புக்குள் தீர்ந்துவிடும் என்பது அவள் எண்ணம். தப்பு என்று யாரும் அவளுக்குச் சொல்லவில்லை. பல்பு எரியவில்லை, அவ்வளவுதான். சுற்றி வரவேண்டும் என்று அவளே வந்து சேர்ந்தாள்.

தீ வைத்த பையனிடம் அதே வயருக்கு நடுவில் ஒரு பல்பைப் போடச் சொன்னேன். தீ அணைந்தது. ஏன்? மின்தடை என்ற பாடம் அங்கிருந்து தொடங்கியது. "எங்க கல்லியில ஷார்ட் ஆகி மீட்டர் பெட்டி எரிஞ்சுச்சே, அது இதுதானா டீச்சர்?" என்று கேட்டான். இதுதான் என்றேன்.

நாலு கலர் கேமில் கேள்விக்கும் விளையாட்டுக்கும் சம்பந்தம் கிடையாது. பின்னத்தை எடுத்துவிட்டுப் பானிபட் யுத்தத்தைப் போட்டாலும் கேம் அதேதான். இதில் விதியே பாடம். விதியை மீறினால் தீ.

23 ஆகஸ்ட்

"ஆன்லைன் கேமுக்கெல்லாம் தடைச் சட்டம் வந்துவிட்டது, இனி பள்ளியில் வைத்தால் ஜெயில்" என்று யாரோ எழுதியிருக்கிறார். பயமுறுத்தாதீர்கள். நேற்று ஜனாதிபதி கையெழுத்திட்ட சட்டம் தடுப்பது காசு கட்டி ஆடுகிற ஆட்டங்களை. திறமை ஆட்டமா, அதிர்ஷ்ட ஆட்டமா என்ற பழைய வழக்கெல்லாம் அதில் செல்லாது. பணம் வைத்தால் தடை. நடத்துகிறவருக்கு 3 வருஷம் வரை சிறை, 1 கோடி வரை அபராதம். படிப்புக்கான கேம்களை வளர்க்க வேண்டும் என்றுதான் அதே சட்டம் சொல்கிறது.

பெற்றோர் பயப்பட வேண்டிய விஷயம் வேறு. பிள்ளையின் முழுப்பெயர், பள்ளி, பிறந்த தேதி எல்லாம் கேட்கிற கேம் எதற்கு அதையெல்லாம் கேட்கிறது? 2023 தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி 18 வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளையின் விவரம் எடுக்கப் பெற்றோர் சம்மதம் வேண்டும். 2025 ஆகஸ்ட் வரை அதன் இறுதி விதிகள் வரவில்லை. என் வகுப்பில் புனைபெயர்தான். "பிரின்சிபல்" தவிர எதுவும் சரி.

31 ஆகஸ்ட், கணபதி லீவு

டியூஷன் பிள்ளைகள் மொபைலில் லூடோ ஆடுகிறார்கள். "இந்த ஆப் சீட்டிங் டீச்சர், எனக்கு மட்டும் ஆறே விழ மாட்டேங்குது" என்று ஒருத்தி அழாத குறை. சரி, பார்த்துவிடுவோம் என்று உட்கார்ந்தோம்.

நேர்மையான பகடையில் ஒரு உருட்டலுக்கு ஆறு விழாமல் போக வாய்ப்பு 5/6. பத்து உருட்டலிலும் விழாமல் போக அதைப் பத்துத் தடவை பெருக்க வேண்டும்: சுமார் 0.16. நூற்றில் பதினாறு. குறைவுதானே என்று தோன்றும். ஆனால் ஆடுவது நாலு பேர். நாலு பேரில் ஒருவருக்காவது முதல் பத்து உருட்டலில் ஆறே விழாமல் போக வாய்ப்பு கிட்டத்தட்டப் பாதிக்குப் பாதி. அதாவது யாராவது ஒருத்தர் அழுதே தீர வேண்டும். அவளுக்கு இது ஆறுதலாக இல்லை. ஆனால் நோட்டில் எழுதிக்கொண்டாள்.

அப்புறம் 60 தடவை உருட்டிக் கோடு போட்டார்கள். 10 ஆறு வரவேண்டும் என்று எதிர்பார்ப்பு. 7 வந்தாலும் 14 வந்தாலும் அதிசயம் இல்லை என்று புரியவைக்கத்தான் பாடுபட வேண்டியிருந்தது.

ஓரமாக உட்கார்ந்திருந்த ஒரு பாட்டி, திருநெல்வேலிக்காரர், "தாயம் போட்டுப் பாருங்களேன்" என்றார். வீட்டிலிருந்து பித்தளைக் கட்டையே எடுத்து வந்துவிட்டார். ஒவ்வொரு கட்டையிலும் 1, 2, 3, வெறுமை. இரண்டு கட்டைக்கு மொத்தம் 16 விதம். மூன்று விழ 4 வழி. இரண்டுக்கும் நான்குக்கும் மும்மூன்று. ஐந்துக்கு 2, ஆறுக்கு 1, இரண்டும் வெறுமையாக விழுந்தால் பன்னிரண்டு, அதற்கு 1. காய் இறங்கத் தாயம், அதாவது மொத்தம் ஒன்று, விழ வேண்டும். அதற்கு 2 வழி, ஆக 1/8. லூடோவில் காய் இறங்க 1/6. "அதான் ஊர்ல ஆட்டம் ஒரு மத்தியானம் பூராவும் போகும்" என்றார் பாட்டி.

12 அக்டோபர்

செம்பூர் சார் திரும்ப வந்து எழுதியிருக்கிறார். ஓப்பன் ஹவுஸில், அதாவது பெற்றோர் டீச்சரைப் பார்க்கிற நாளில், மகளின் டீச்சரிடம் கேம் ரிப்போர்ட்டைக் கேட்டு வாங்கிப் பார்த்தாராம். 1/3க்கும் 1/4க்கும் எது பெரிது என்ற இடத்தில் மகள் திரும்பத் திரும்ப 1/4 போட்டிருக்கிறாள். டீச்சருக்கு அது தெரிந்திருந்தது, கேமை நிறுத்திப் பேசினாரா என்று கேட்டதற்கு, "போர்ஷன் முடிக்க வேண்டும், நேரம் எங்கே?" என்றாராம். பாவம், அந்த டீச்சரைக் குறை சொல்ல மாட்டேன். எனக்கும் அரையாண்டுக்கு முன்னால் அதே பாட்டுத்தான். ஆனால் நிறுத்த நேரம் இல்லையென்றால் அந்த வாரம் கேமே வேண்டாம் சார், கரும்பலகையே போதும்.

வீட்டில் மகளோடு தாயம் ஆட ஆரம்பித்திருக்கிறாராம். அதில் ஒரு வில்லங்கம்: அவர்கள் வீட்டு விதிப்படி பன்னிரண்டு விழுந்தாலும் காய் இறங்கலாம், என் கணக்கு தப்பு என்கிறார். தப்பில்லை சார், உங்கள் விதி வேறு. 2/16உடன் 1/16ஐக் கூட்டுங்கள், 3/16. இப்போது 3/16 பெரிதா, லூடோவின் 1/6 பெரிதா என்று மகளைக் கேளுங்கள். பொதுப் பகுதி 48 எடுத்தால் 9க்கு 8. உங்கள் வீட்டில் லூடோவைவிடத் தாயத்தில் சீக்கிரம் இறங்கிவிடலாம். பாட்டி வீட்டில் முடியாது. ஆன்டாப் ஹில் தம்பி, உங்கள் வீட்டில் ஐந்துக்கும் இறக்குவார்கள் என்று எழுதியிருக்கிறீர்களே, அதற்குக் கணக்கை நீங்களே போட்டு எழுதுங்கள்.